நான் கிழித்த நாலு பக்கம்

என்ரை அண்ணை,

ஏழு வருடமாக ஒரு வரி எழுதாதவள் இன்றைக்கு ஏன் எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். பயத்தில் எழுதுகிறேன். தாயில்லாப் பிள்ளை என்று என் கையில் விட்டுவிட்டுப் போன உங்கள் தாரணிக்குப் பதினைந்து வயதாகிவிட்டது. அவளும் போய்விடுவாளோ என்றுதான் பயம்.

அச்சுவேலியில் அதே வீடுதான், அதே பள்ளிக்கூடந்தான். நான் இன்னும் கணக்குப் படிப்பிக்கிறேன். கரண்ட் இல்லை, ஜாம் போத்தலில் திரி போட்டுத்தான் பிள்ளைகள் படிக்குதுகள். அதெல்லாம் பழகிவிட்டது. காலையில் வகுப்பு இடாப்பில் பெயர் கூப்பிடத்தான் பழகவில்லை. ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். காய்ச்சலாக இருக்கட்டும், பிள்ளையாரப்பா, காய்ச்சலாகவே இருக்கட்டும் என்று அடுத்த பெயருக்குப் போவேன். போன மாதம் தாரணிக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. சண்டைக்கென்று இயக்கத்துக்குப் போய்விட்டாள். அவளின் சைக்கிள் கோயில் மதிலோடு சாத்தியபடி நின்றது.

உங்கள் கொப்பி ஞாபகம் இருக்கிறதா? சரித்திரப் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்தில் சோதினைக்காகப் படிப்பித்துவிட்டு, அதில் தமிழர் எங்களுக்கு ஒதுக்கிய இரண்டு பக்கத்தை நினைத்துக் கொதித்து, வீட்டில் வந்திருந்து நீங்களே எழுதிய சரித்திரம்.

"செத்த ராசாக்களின்ரை கதையை எழுதி என்னத்தைக் காணப்போறியள்?" என்று நான் நக்கலடிப்பேன்.

"உனக்குக் கணக்கை விட்டால் என்னடி தெரியும்?" என்பீர்கள்.

ராசாக்களில் தொடங்கி, எண்பத்து மூன்றில் அகதியாகக் கப்பலில் வந்திறங்கின சனம் வரை எழுதினீர்கள். கடைசி நாலு பக்கத்தில் ராசாக்கள் இல்லை. உங்களிடம் சரித்திரம் கேட்டுவிட்டு இயக்கத்துக்குப் போய், திரும்பி வராத பிள்ளைகளின் பெயர்கள். பதினேழு பெயர். அடியில் ஒரு வரி: "இவர்களுக்கு நான் பாதிதான் சொல்லிக் கொடுத்தேன்."

அந்தப் பக்கங்கள் இப்போது இல்லை, அண்ணை. நான்தான் கிழித்தேன். எண்பத்தேழில் ஷெல் பட்டு நீங்கள் செத்துப்போய் எட்டாம் நாள் செலவுகூட முடியவில்லை, ஆமி வீடுவீடாகச் சோதிக்கிறது என்றார்கள். பெயர்கள் அகப்பட்டால் பதினேழு வீட்டுக்கும் ஆபத்து என்று அடுப்பில் வைத்தேன். மிச்சக் கொப்பியைப் பனங்கிழங்கு ஒடியல் பானைக்குள் ஒளித்தேன். கெட்டித்தனம் செய்ததாக நினைத்தேன், மடைச்சி! உங்கள் கொதிப்பை வைத்துவிட்டு, நீங்கள் வருந்தியதைத்தான் எரித்திருக்கிறேன்.

இந்தச் சரஸ்வதி பூசைக்குத் தாரணி தன் புத்தகங்களை அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் கொப்பியை வைத்தாள். விசயதசமிக் காலையில் புத்தகம் எடுத்து நாலு வரி வாசிக்க வேண்டுமல்லவா? அவள் உங்களுடையதை எடுத்தாள். கிழிந்த ஓரம் வரை சத்தமாக வாசித்தாள்.

"மாமி, அப்பா இதோடை நிப்பாட்டிப்போட்டாரோ?"

"ஓம் பிள்ளை." வாய் கூசாமல் சொன்னேன்.

"அப்ப மிச்சத்தை நாங்கள்தானே எழுதவேணும்."

நான் அவல் தட்டோடு அடுப்படிக்குப் போய்விட்டேன். நேற்றுத் தன் கொம்பாஸ் பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். ஏனென்று கேட்டதற்கு, "எனக்கு இனித் தேவைப்படாது மாமி" என்கிறாள். சோதினைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. கணக்கு ரீச்சரின் மருமகளுக்குத் தேவைப்படாதா?

யாரில் பிழை, அண்ணை? இரண்டு பக்கத்தில் எங்களை முடித்த புத்தகத்திலா, மிச்சத்தை எழுதிய உங்களிலா, முடிவை எரித்த என்னிலா?

இன்று பின்னேரம் புதுக் கொப்பி ஒன்றில் அந்தப் பெயர்களைத் திரும்ப எழுதினேன். அவர்களுக்கெல்லாம் கணக்குப் படிப்பித்தவளல்லவா? பதினைந்து பெயர் வந்துவிட்டது. இரண்டு வரவில்லை, அழுகைதான் வருகிறது. உங்களுக்குப் பிறகு போனவர்களையும் எழுதினால் கொப்பி காணாது.

தாரணி கிணற்றடியில் தோய்க்கிறாள். இருக்கிற உடுப்பெல்லாவற்றையும் ஒரே நாளில் ஏன் தோய்க்கிறாள்?

வந்ததும் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு பெயராக வாசிப்பேன். யார் வகுப்பில் பகிடி விட்டவன், யாருக்குப் பின்னம் கடைசிவரை விளங்கவில்லை, எல்லாம் சொல்லுவேன். உங்கள் கடைசி வரியையும் சொல்லுவேன். கிழித்தது நான்தான் என்றும் சொல்லுவேன். என்னை வெறுத்தால் வெறுக்கட்டும், வீட்டில் இருந்து வெறுக்கட்டும்.

இடாப்பில் கடைசிப் பெயருக்குக் கீழே, இனி யாரையும் சேர்க்க முடியாதபடி சிவப்புக் கோடு போடுவோமே, அதை, வராத இரண்டு பெயருக்கும் இடம் விட்டு, இந்தக் கொப்பியில் இன்றைக்குப் போடுகிறேன். அந்தக் கோட்டுக்குக் கீழே உங்கள் மகளின் பெயரை எழுத விடமாட்டேன், அண்ணை. இது சத்தியம்.

உங்கள் தங்கச்சி,
தாரணியின் மாமி