எந்தத் திருப்பத்தில் மூச்சைப் பிடித்தீர்கள்?

பாய்,

நேற்றுக் காலையில் மஞ்சக்குட்டை ரோட்டோரம் யாரோ சாக்கு விரித்து மிளகைக் காயப் போட்டிருந்தார்கள். அந்த வாசம் ஹெல்மெட்டுக்குள் புகுந்ததும், பின்சீட்டிலிருந்து இடது தோளில் உங்கள் தட்டு விழப்போகிறது என்று உடம்பு தானாகக் காத்திருந்தது. விழவில்லை. வேகத்தை நானே குறைத்துக்கொண்டேன். நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. என் தோளுக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

ஏற்காட்டுக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்க நீங்கள் ஊர் ஊராக வருவீர்கள். உங்களுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. யார் வண்டி வந்தாலும் கையைக் காட்டி ஏறிக்கொள்வீர்கள். ஏறினால் சும்மா வருகிற ஆளா? இறங்கியதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே தீர்ப்பு. யார் பின்னால் உட்கார்ந்து நிம்மதியாக வெற்றிலை போடலாம், யார் பின்னால் உயிர் பயத்தில் கலிமா சொல்லிக்கொண்டே வர வேண்டும் என்று மலை முழுக்க உங்களுக்கு அத்துப்படி. நான் இரண்டாவது வகை. அதிலும் முதல் ஆள்.

"மாப்ளே, நீ நொம்ப நல்ல மனுசன். வண்டிய மட்டும் வேற எவனோ ஓட்டறான்" என்பீர்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பொண்ணு பார்க்கப் போனதே வண்டியில்தான். அந்த அனுபவத்தைச் சொல்லிக் காட்டுவேன். ஹேண்டில்பாரைத் தொட்டே பார்க்காதவர் எனக்குச் சொல்ல வந்துவிட்டாரா என்றும் கேட்டேன் ஒருநாள். நீங்கள் சிரித்தீர்கள். "ஓட்டறவனுக்கு ரோடு தெரியும். பின்னாடி இருக்கறவனுக்குத்தான் ஓட்டறவனத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் என் வண்டிக்கே கையைக் காட்டினீர்கள். அவ்வளவு பயந்தவர் ஏன் ஏறினீர்கள் என்று நான் கேட்டதே இல்லை.

உங்களை அடக்கம் செய்த அன்று பள்ளிவாசலுக்கு வெளியே வரிசையாக பைக்குகள் நின்றன. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்களிடம் திட்டு வாங்கிய முதுகுகள். யார் எதற்குத் திட்டு வாங்கினோம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். என்னிடம்தான் சரக்கு அதிகம் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மகளுக்கு ஏற்காட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. காலையில் நேரத்துக்குள் இருக்க வேண்டும். எங்கள் ஊர் வெள்ளக்கடையிலிருந்து அந்த நேரத்துக்கு பஸ் தோதுப்படாது. அப்பன் எதற்கு இருக்கிறேன் என்று மார்தட்டி ஏற்றிக்கொண்டு போனேன். முதல் நாளே, சவுக்கு இலை உதிர்ந்து ஈரமாகக் கிடந்த ஒரு திருப்பத்தில் பின்சக்கரம் வழுக்கியது. விழவில்லை. நான் காலை ஊன்றினேன், அவள் பிடித்த பிடியில் என் சட்டை கிழிந்தது. இறங்கி மிச்ச தூரம் நடந்தாள். சாயங்காலம் ஊட்டுக்கு வந்து, "பரவால்லீங்கப்பா, நான் ஜீப்புல போய்க்கறேன்" என்றாள். அவ்வளவுதான். ஒரு குறை சொல்லவில்லை. நீங்கள் திட்டியதைவிட அது அதிகம் வலித்தது.

ஜீப் ஆள் நிறையாமல் கிளம்புமா? அவள் தொடர்ந்து தாமதமாகப் போனாள். இனியும் நேரம் தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அங்கே சொல்லிவிட்டார்கள். என் பின்னால் உட்கார பயந்துகொண்டு என் பிள்ளை வேலையை இழப்பதா? ஓட்டக் கற்றுக்கொண்டே தீருவது என்று முடிவு செய்தேன். தலை நரைத்த பிறகு, மூத்த மகள் வயிற்றுப் பேத்தி பள்ளிக்கூடம் போகிற வயதில்.

எங்கே தப்பு என்று தெரிந்தால்தானே திருத்த முடியும்? மெக்கானிக்கைப் பின்னால் ஏற்றி ஒரு சுற்று வந்தேன். "நல்லாத்தானுங்க ஓட்டறீங்க" என்றார். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரை ஏற்றினேன். இறங்கியவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார், வாய் மட்டும் "அருமைங்க" என்றது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பாதி வழியில் வேலை இருப்பதாக இறங்கிக்கொண்டார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. நம் ஊர் மரியாதை எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை 'ங்க' போட்டுப் பேசுகிறவர்கள் எப்படி முகத்துக்கு நேராகக் குறை சொல்வார்கள்?

அப்போதுதான் நீங்கள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. குப்பனூர் அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். யாரிடம் கேட்டாலும் நான் நன்றாக ஓட்டுவதாகத்தான் சொல்கிறார்கள், உங்களுக்கு மட்டும்தான் குறை என்று நான் அலுத்துக்கொண்டேன். "நல்லாருந்துச்சான்னு கேட்டா எவனும் ஆமாம்பான் மாப்ளே. எந்தத் திருப்பத்துல மூச்சப் புடிச்சீங்கன்னு கேளு" என்றீர்கள். அன்றைக்கு அதை இன்னொரு நக்கல் என்று நினைத்து உங்கள் டீக்குக் காசு கொடுக்காமல் எழுந்து போனேன்.

மறுபடி அதே ஆட்களிடம் போய் அப்படியே கேட்டேன். பாய், மடை திறந்துவிட்டது. என்னைக் குறை சொல்லத்தான் அவர்களுக்குக் கூச்சம். தங்கள் பயத்தைச் சொல்ல ஒரு கூச்சமும் இல்லை. "ஏனுங்க, அந்தக் கோயில் திருப்பத்துல உசுரே போச்சுங்க" என்றார் ரைட்டர். திருப்பத்துக்குள் நுழைந்த பிறகு நான் பிரேக் பிடிப்பது அதில் தெரிந்தது. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு போவேனே, அந்தச் சத்தமில்லாத நேரம் முழுக்க மெக்கானிக் மூச்சே விடவில்லையாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதுதான் பெரிய சங்கதி. நான் பேசும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தே பேசுகிறேனாம். முகம் பார்த்துப் பேசுவது பண்பு என்று வளர்த்துவிட்டார்களே, நான் என்ன செய்வேன்? எட்டாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு, ரோட்டைப் பார்ப்பது அதைவிடப் பெரிய பண்பு என்று யாரும் சொல்லித் தரவில்லை. நீங்கள் மட்டும் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறீர்கள். இடது தோளிலேயே ஏன் தட்டினீர்கள் என்று இப்போது தெரிகிறது. நான் இடது பக்கம்தான் திரும்புவேன்.

பிறகு ஒவ்வொரு நாளும் விடிந்ததும் வெளியூர் கார்கள் மலையேறும் முன்னே ஆள் கனத்துக்கு ஒரு மூட்டை மணலைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். திருப்பத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, வேகத்தையும் குறைத்து, திருப்பம் முடியும் இடத்தில் கண்ணை வைத்து, இறக்கத்தில் என்ஜினை அணைக்காமல் ஓட்டிப் பழகினேன். வாயையும் மூடிக்கொண்டு, அதுதான் கஷ்டமாக இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், "மூட்டை எங்கே இறங்கணும்னு கேட்டுச்சுங்களா?" என்று கிண்டலடித்தார்கள். நான் நிறுத்தவில்லை. ஒரு விடியலில் என் மனைவி மூட்டையை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். திரும்பி வந்ததும் நேராக உள்ளே போய் மகளிடம், "உங்கொப்பனோட போலாம் கண்ணு" என்றாள்.

நேற்று மகள் ஏறினாள். வழி முழுக்க ரோட்டைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. கோயில் திருப்பத்துக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டேன். அதற்கு மேலே, அடுத்த வளைவை முழுசாக அடைத்துக்கொண்டு மரம் ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்தது. ஓரமாக நின்று வழி விட்டு, மெல்ல எடுத்துப் போனேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அவள் ஹெல்மெட்டைக் கழற்றியதும் கேட்டேன், எந்தத் திருப்பத்தில் மூச்சைப் பிடித்தாய் என்று.

அவள் யோசித்தாள். "நான் புடிக்கலீங்கப்பா. லாரி வந்தப்ப நீங்கதான் புடிச்சீங்க. முதுகு அப்படியே கல்லாட்டம் ஆயிருச்சு. அதுல எனக்கும் பயம் வந்துருச்சு."

சொல்லிவிட்டு உள்ளே போகத் திரும்பியவள், "சாயங்காலம் வந்துருவீங்கள்ல?" என்றாள்.

பாய், நீங்கள் இத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னால் இருந்து பார்த்தது இந்தப் பயத்தைத்தானே? உங்கள் கேள்வியை இனி நான் விடப்போவதில்லை; ஏறுகிற எல்லோரிடமும் கேட்பேன். ஆனால் நேற்று ஊட்டுக்கு நேராகப் போகவில்லை. லாரி வந்த அந்த வளைவுக்குப் போய், என்ஜினை அணைக்காமலே ஓரமாக நின்றேன். தோளைத் தளர்த்திக்கொண்டு, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, மேலேயிருந்து அடுத்த லாரி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.