மூணாவது தூணில் துடைத்த மை

என் செல்லத் தம்பி செல்வத்துக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் கம்ப்யூட்டர் உண்டோ இல்லையோ, இங்கே உன் பெயருக்கு இன்னும் மெயில் வந்துகொண்டிருக்கிறது. பாஸ்வேர்டாக அம்மா பெயரை வைத்தவன் நீ. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நான்தான் திறந்து பார்க்கிறேன். லோன் வேணுமா, கார்டு வேணுமா என்று உன்னைக் கேட்கிறார்கள். கயத்தாறு பைபாஸில் லாரி மோதி நீ போனதை அவர்களுக்கெல்லாம் யார் சொல்வது?

போன மாசம் உன் புதையல் விளையாட்டுக்காரர்களிடமிருந்து ஒரு மெயில். பொங்கல் லீவுக்குப் பெங்களூரிலிருந்து வந்தவன், செல்போன் மாதிரி ஒரு கருவியோடு வெயிலில் அலைந்தாயே, அந்த விளையாட்டுதான். ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தை இன்டர்நெட்டில் எண்களாகப் போடுவது. எங்கிருந்தோ எவனோ வந்து தேடி எடுத்து, உள்ளே இருக்கும் சீட்டில் பெயர் எழுதிவிட்டுத் திரும்ப வைப்பது. "ஏலே, ஒனக்கு வேற சோலி இல்லையா?" என்று கேட்டேன். சிரித்தாய்.

உன் டப்பாவுக்கு எண் நேராகக் கிடைக்காது. நம்ம பத்திர ஆபீஸ் கட்டடத்தின் கதையைத் தெரிந்துகொண்டு உன் கேள்விகளுக்குப் பதில் கண்டுபிடித்தால்தான் கிடைக்கும். அந்த ஆபீஸுக்கு எதிரே தினமும் உட்கார்ந்து பத்திரம் டைப் அடிக்கிறவள் நான். என்னை விட்டுவிட்டு ஊரெல்லாம் விசாரித்தாய். வெள்ளைக்காரன் காலத்தில் அது பருத்தி மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கி என்று கண்டுபிடித்து அதையும் ஒரு கேள்வியாக்கினாய். கடைசிக் கேள்வி இது: கல்வெட்டில் பெயர் இல்லாதவர்கள் எல்லாம் தங்கள் அடையாளத்தை விட்டுப்போன தூண், வாசலிலிருந்து எத்தனையாவது?

நம்ம ஊர்க்காரனுக்கு இது ஒரு புதிரா? பத்திரம் எழுதிக்கொடுத்துப் பதிய வருகிறவர், கையெழுத்துத் தெரிந்தவரோ தெரியாதவரோ, கட்டைவிரலை மையில் வைத்தே ஆகவேண்டும். வெளியே வந்ததும் துடைக்க இடம் தேடுவார்கள். சிலர் தலைமுடியில் துடைப்பார்கள். மற்றவர்களுக்கெல்லாம் வராந்தாவின் மூணாவது தூண்தான். கை எட்டும் உயரத்தில் அது கரிசல் மண்ணாகக் கறுத்துக் கிடந்தது.

உன்னை இன்ஜினியரிங்கில் சேர்க்கப் பசுவந்தனை ரோட்டுப் புஞ்சையை விற்ற அன்று அப்பாவும் அதில்தான் துடைத்தார். நான் பிளஸ் டூவோடு நின்று டைப் படிக்கப் போனேன். அந்த வருத்தம் எனக்கு உண்டு, உனக்கும் தெரியும். பிறகு அதே புஞ்சையை நீ சம்பாதித்துத் திரும்ப வாங்கினாய். டப்பாவை ஒளித்ததும் அங்கே நிற்கிற உடைமரத்துப் பொந்தில்தான்.

சென்னையிலிருந்து தேடி வந்த ஒருவர் புகார் எழுதியிருக்கிறார். கறுப்புத் தூணே இல்லை, எல்லாம் மஞ்சள் என்கிறார். உண்மைதான். ஆபீஸுக்குப் பெயிண்டு அடித்துவிட்டார்கள். விரல் துடைக்க ஆணியில் ஒரு கந்தல் துணி தொங்குகிறது. தூணைத் தொடுகிறவர்களை விரட்ட வாட்ச்மேன் அண்ணாச்சி பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

மாசக் கடைசிக்குள் நீ சரிசெய்து பதில் போடாவிட்டால் உன் புதிரை எடுத்துவிடுவார்களாம். உன்னை உயிரோடு இருப்பவனாக நினைத்து அதட்டுகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம். அதுவும் போய்விட்டால்? வேறு கேள்வி எழுதிப் போட்டிருக்கலாம், எனக்கு மனசு வரவில்லை. நாலு பேர் இருக்கிறார்கள் என்றும் பாராமல் பிரவுசிங் சென்டரிலேயே அழுதேன்.

அப்பாவும் இல்லை, நீயும் இல்லை. புஞ்சை அம்மா பெயருக்கு வந்தது. "ஒன் பேருக்கு எழுதிருதேன்ட்டி. அவன் ஒனக்குன்னுதான் வாங்கிருப்பான்" என்றாள். அப்படியா தம்பி? என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

பத்திரத்தை நானேதான் டைப் அடித்தேன். ஊரில் எத்தனையோ பேருக்குக் 'காலஞ்சென்ற' என்று அடித்த விரல்கள் இவை. உன் பெயருக்கு முன்னால் அதை அடிக்க முடியவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அடித்தேன்.

அம்மா உள்ளே போய் விரல் வைத்துவிட்டு வந்தாள். துணிப்பக்கம் திரும்பவே இல்லை. நேரே மூணாவது தூணுக்குப் போய்க் கட்டைவிரலை அழுத்தி இழுத்தாள். புது மஞ்சளில் கறுப்பாக ஒரு கோடு.

"ஏம்மா, இப்பதான பெயிண்டு அடிச்சிருக்கு! துணி தொங்குதது கண்ணு தெரியலயா?" என்று எழுந்தார் வாட்ச்மேன்.

"எம் மவன் படிப்புக்காவ அவிய அப்பா இதுலதான் தொடச்சாவ. இப்ப மவனும் போயிட்டான். நான் வேற எங்கன போயித் தொடைக்க அண்ணாச்சி?"

அவர் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்குப் பின்னால் வந்த கயத்தாறுக்காரர் ஒருவர் துணியைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், தூணிலேயே துடைத்துவிட்டுப் போனார். அப்புறம் தடுக்க முடியுமா? ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர். வாட்ச்மேனும் ஸ்டூலை வேப்பமர நிழலுக்கு மாற்றிக்கொண்டார். மாசக் கடைசியில் தேடி வருகிறவர் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தூண் கறுத்திருந்தது.

அம்மாவுக்கு உன் விளையாட்டும் தெரியாது, உன் புதிரும் தெரியாது. நான் பதில் போட்டுவிட்டேன்: தூண் இருக்கிறது, டப்பாவும் இருக்கிறது, வந்து தேடுங்கள் என்று. நீ இல்லை என்பதை மட்டும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டுமோ?

ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் உடைமரத்துக்குப் போய் டப்பாவைப் பார்த்துவிட்டு வருவேன், இது சத்தியம். புஞ்சையை விற்கமாட்டேன், அதனால் அந்த ஆபீஸில் விரல் வைக்கிற வேலை எனக்கு வராது. தூணுக்கு மறுபடி பெயிண்டு அடித்தால் அடித்துக்கொள்ளட்டும். ரிப்பன் மாற்றி டைப் அடிக்கிறவள் கைக்கு மைக்கா பஞ்சம்?

நீ "யக்கா" என்று கூப்பிட உனக்கு இருந்த ஒரே ஆள்,
முத்துலட்சுமி