செக் ஷீட்டின் பின்பக்கம் ஒரு சகுராப் பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை படப்பையில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் மனைவி அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, இதுல ஒங்க பேரு போட்டிருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று ஒரு புத்தகத்தை நீட்டினாள். என் ஜப்பானிய உரையாடல் புத்தகம். இருபது வருஷத்துக்கு முன்னால் வாங்கிப் போனவன் நீ. கேட்கும்போதெல்லாம் "நாளைக்குத் தாரேன்ல" என்பாய். அந்த நாளை இப்போதுதான் வந்தது.

உள்ளே நான்காக மடித்த ஒரு செக் ஷீட் இருந்தது. முன்பக்கம், கார் விளக்குகளைச் சோதித்து நாம் டிக் அடிக்கிற கட்டங்கள். பின்பக்கம், உன் கோணல் கையெழுத்தில், தமிழ் எழுத்தில் ஒரு ஜப்பானியப் பாட்டு. அதற்கு அடியில் பென்சிலால் மூன்று வரி எழுதியிருந்தாய். அதை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்போது ஒரகடத்தில் இத்தனை கம்பெனி ஏது? நாம் ஸ்ரீபெரும்புதூர் வரை, கார் விளக்குக் கம்பெனிக்கு, பஸ்ஸில் போய் வந்தோம். நீ கோவில்பட்டியிலிருந்து வந்து ரூம் எடுத்திருந்தாய். நான் உள்ளூர்க்காரன். நான் "இன்னாடா" என்றால் நீ "என்னல" என்பாய். லைனில் உனக்கு அடுத்த இடம் எனக்கு. ஷிப்ட் முடிந்ததும் உன் இடத்தைப் பெருக்கிவிட்டு என் இடத்தையும் ஒரு முறை பெருக்குவாய். கேட்டால், "ஒன் குப்பை என் பக்கம் வருதுல்லா" என்பாய்.

நம் லைனைப் பார்த்துக்கொள்ள ஜப்பானிலிருந்து வந்திருந்தவர் மோரி சான். மார்ச் மாதம் வந்தால் மனுஷருக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்குப் பின்னால் புங்கமரத்தடியில் டேப் ரிக்கார்டரை வைத்து, வசந்தகாலப் பாட்டாகப் போடுவார். குழந்தைகள் பூ பார்க்கப் போகிற பாட்டு ஒன்று, கைதட்டி ஆடத் தோன்றுகிற பாட்டு ஒன்று, யாரோ மெதுவாக நடந்துபோகிற மாதிரி ஒரு பாட்டு. சகுரா என்கிற செர்ரிப் பூவைப் பற்றிய இந்தக் கடைசிப் பாட்டில் நீ விழுந்துவிட்டாய். சகுரா பத்து நாள்தான் பூக்கும், ஜனங்கள் மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று மோரி சான் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சுமதி மேடம் நமக்குத் தமிழில் சொன்னார்.

"காய் காய்க்குமா மேடம்?" என்று கேட்டாய்.

"திங்கற மாதிரி ஒண்ணும் காய்க்காதாம்."

"அப்ப எதுக்கு இம்புட்டுப் பேரும் பாயை விரிச்சு உக்காருதாவ?"

சுமதி மேடம் அதை அப்படியே அவரிடம் சொல்ல, மோரி சான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மறுநாள் அந்தப் பாட்டை வரிவரியாகச் சொல்லி உன்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். கையில் கிடைத்தது செக் ஷீட்.

அடுத்த வருஷம் லைனிலிருந்து ஒருவரை ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். பரீட்சை வைத்து வடிகட்டியதில் மிஞ்சியது நீயும் நானும். போகவேண்டும் என்று உனக்கு ஆசை. எனக்கு உன்னைவிட அதிகம். யாரை அனுப்புவது என்று முடிவு செய்யப்போகிறவர் ஜப்பானிலிருந்து புதிதாக வருகிற பிளான்ட் ஹெட். அவரை வரவேற்கிற அன்றே, ஊருக்குத் திரும்புகிற மோரி சானுக்கு வழியனுப்பு விழாவும் என்று நோட்டீஸ் போர்டில் போட்டிருந்தது. ஆனால் பேனரில் புதியவர் பெயர் மட்டும்தான். விழாவில் உன்னை ஜப்பானியப் பாட்டு பாடச் சொல்லியிருந்தார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் சுமதி மேடம் என்னிடம் வந்தார். "உங்க ஃப்ரெண்ட் அந்தப் பாட்டையா பாடப்போறாரு? அங்க மார்ச்ல ஸ்கூல் முடிச்சுப் பிரியறப்ப பாடறது அது. வரவேற்புல பாடினா நல்லா இருக்காது. சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நீ, என் பக்கம் திரும்பிக் கேட்டாய்: "ஏலே, இதையே பாடட்டா, வேற பாடட்டா?"

"இதையே பாடுடா, சூப்பரா கீது" என்றேன்.

நீ கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சரில" என்றாய்.

குத்துவிளக்கு ஏற்றி, புதியவருக்குப் பொன்னாடை போர்த்தி, சந்தன மாலை போட்டார்கள். மோரி சான் தண்ணீர் கேன் பக்கத்தில் தனியாக நின்றார். அவசரத்தில் அவருக்கு மாலை வாங்க மறந்துவிட்டார்கள். நீ மேடை ஏறிப் பாடினாய். முதல் வரியிலேயே புதியவர் முகம் ஒரு மாதிரி ஆனது. முடிந்ததும் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். மோரி சான் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துத் தலை குனிந்து நின்றது எனக்குத் தெரிந்தது. நான் அதை அதிகம் பார்க்கவில்லை. எனக்குப் புதியவர் முகம்தான் முக்கியம்.

இரண்டு வாரம் கழித்து என் பெயர் வந்தது. பாட்டினாலா, பரீட்சையினாலா, இன்றுவரை தெரியாது. ஏர்போர்ட் வரை வந்து என் பெட்டியைத் தூக்கினாய்.

நான் போனபோது சகுரா பூத்திருந்தது. திரும்பி வந்ததும் நீ கேட்டது ஒன்றே ஒன்று: "கீழ உதிர்ந்த பூவை யாருல பெருக்குவா?" ரெண்டு மூணு நாள் அப்படியே விட்டுவிடுவார்கள் என்றேன். உனக்கு நம்பிக்கை வரவில்லை. அத்தனை சுத்தம் பார்க்கிறவர்கள் எப்படி விடுவார்கள் என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தாய். அந்த வாரத்தில் எப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதன்பிறகு உன் கல்யாணம் வந்தது, மனை வாங்கினாய், பிள்ளைகள் வந்தார்கள். உன் நெஞ்சு வலிக்கு முந்தின வாரம்கூட நாம் டீக்கடையில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

செக் ஷீட்டின் அடியில் நீ எழுதியிருந்தது இது: "சுமதி மேடம் சொன்னாங்க, இது பிரியும்போது பாடுற பாட்டாம். இருக்கட்டும். நாளைக்கு மோரி சானைப் பார்த்துப் பாடணும்."

ஆக, உனக்குத் தெரியும். ஜப்பான் போனாலும் போகாவிட்டாலும், பேனரில் பெயர்கூடப் போடாத மனுஷருக்கு அந்தப் பாட்டு என்று முந்தின நாளே முடிவு செய்திருக்கிறாய். அப்புறம் ஏன் பஸ்ஸில் என்னைக் கேட்டாய்? எனக்கும் தெரியும் என்று அந்த மேடம் உன்னிடம் சொன்னாரா? அலமாரிப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. சுமதி மேடம் எங்கே இருக்கிறார் என்றும் தெரியவில்லை.

இன்று காலை செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வழியாக வேலைக்குப் போனேன். பாட்டு முழுதும் ஞாபகம் வந்தது, நீ உச்சரிக்கிற மாதிரியே. பிளான்ட்டுக்குள் புங்கமரத்தடியில் பூ பொரி கொட்டியதுபோலக் கிடந்தது. துடைப்பத்தோடு வந்தவரிடம், ரெண்டு நாள் விட்டுவிடுங்கள் என்றேன்.

செக் ஷீட் என் சட்டைப் பையில் இருக்கிறது. அன்று பஸ்ஸில் நான் வேறு பாட்டுப் பாடச் சொல்லியிருந்தாலும் நீ இதைத்தான் பாடியிருப்பாய். ஆனால் நான் உன்னிடம் உண்மையைச் சொன்னவனாக இருந்திருப்பேன்.