ஆரஞ்சுக் கயிறு

ஸ்டாதிஸ்,

கப்பலிலிருந்து இறங்கி வந்ததும் முதலில் மோட்டார் சைக்கிளைத்தான் பார்த்திருப்பாய். பத்திரமாக இருக்கிறது. கம்பத்தோடு போட்ட சங்கிலியைத் தினமும் கீழே இறங்கி இழுத்துப் பார்த்தேன். நாலு மாதமும் போனை எடுத்தால் உன் முதல் கேள்வி, "வண்டி இருக்கா?" நான் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து பேசிய அன்றும் அதேதான்.

பருப்பு சூப் அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். சாவிகள் சர்க்கரை டப்பாவில். திருடன் பயத்தில் கழற்றிய பேட்டரி நம் கட்டிலுக்கடியில்.

போன வருஷம் சக்கரப் பூட்டை எடுக்க மறந்து கிளம்பி, காபிக்கடை வாசலில் குப்புற விழுந்தாயே, அன்றைக்குச் சொன்னாய்: "டெஸ்பினா, பூட்டுலேருந்து ஹேண்டில்பார் வரைக்கும் ஒரு கயிறு கட்டிவிடு. கண்ணுல பட்டாத்தான் எனக்கு ஞாபகம் வரும்." கட்டினேன்.

நான் ஏதென்ஸில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். கூப்பிட வராதே.

பி.கு.: என் பெட்டியின் பிடி அறுந்துவிட்டது. அந்த ஆரஞ்சுக் கயிற்றை அவிழ்த்து அதில் கட்டிக்கொண்டேன். பூட்டு சக்கரத்தில்தான் இருக்கிறது. இனிமேல் எதையும் நீயாகவே ஞாபகம் வைத்துக்கொள்.