தகரத்தின் மேல் புல்

செப்டம்பர் 3

வேலை கிடைத்துவிட்டது. மலாவியின் பரம ஏழைகளுக்கு மாதாமாதம் பணம். கொடுப்பது வெளிநாட்டு நிதி. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது நான், கையில் டேப்லெட்டுடன். எழுபது கேள்விகள். முப்பத்தோராவது: கூரை புல்லா, தகரமா? தகரம் என்று அழுத்தினால் அது வசதியான வீடாம்.

முதல் வீடே எதிர்வீட்டு நபாண்டாக்கா. புயலில் சுவர் விழுந்து இடுப்பு ஒடிந்தவள். செத்துப்போன தங்கையின் மூன்று பிள்ளைகளும் அவளிடம்தான். கூரை? தகரம். புயலுக்குப் பிறகு அதே வெளிநாட்டுக்காரர்கள் போட்டுக் கொடுத்த தகரம்!

பட்டியலில் இடமில்லை என்றேன்.

"ஏண்டி ஃபலேசி, நான் எப்படி பணக்காரி ஆனேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கறி எடுத்துச் சமைச்சிருப்பேனே!"

சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளைக் கூழ். இதைக் கேட்க எந்தக் கேள்வி?

செப்டம்பர் 4

மேற்பார்வையாளர் கும்வெண்டாவிடம் முறையிட்டேன். "மெஷின் தப்பு பண்ணாதும்மா. நீ பண்ணாம பாத்துக்க." கூரைப் படம் எடுக்காமல் மெஷின் அடுத்த கேள்விக்கு நகராது. சனியன்.

செப்டம்பர் 6

ஊர்த்தலைவர் மக்வின்ஜா யோசனை சொன்னார்: "படம்தானே? தகரத்த இறக்குங்கடா."

புல்லுக்கு எங்கே போவது? எலி பிடிக்கிறோம் என்று நம் ஆண்கள் புல்வெளி முழுவதையும் கொளுத்திவிட்டார்கள். எலி வயிற்றில், புல் சாம்பலில். கடைசியில் ஒவ்வொரு வீட்டுக் கூரையிலிருந்தும் ஒரு கட்டு உருவினோம். மழைக்குத்தான் இரண்டு மாதம் இருக்கிறதே. படம் எடுத்தேன். மெஷின் நம்பியது. நபாண்டாக்கா பட்டியலில்!

பொய்தான். ஆனால் முதலில் பொய் சொன்னது நானா, முப்பத்தோராவது கேள்வியா?

செப்டம்பர் 17

ஐயோ. நாளை மறுநாள் தகரம் கொடுத்தவர்கள் தகரத்தைப் பார்க்க வருகிறார்கள். புயல் உதவி பற்றி அவர்கள் போட்ட புத்தக அட்டையில் தகரத்தடியில் சிரிப்பது நபாண்டாக்காதான். தகரம் இல்லையென்றால் விற்றுத் தின்றுவிட்டாள் என்பார்கள். பட்டியலைச் சரிபார்க்க கும்வெண்டாவும் கூடவே வருகிறார். ஒரே வண்டி! முன் சீட்டுக்குத் தகரம் வேண்டும், பின் சீட்டுக்குப் புல் வேண்டும்.

செப்டம்பர் 19

தகரத்தை மாட்டி, அதன் மேல் புல். மக்வின்ஜாவின் மூளை.

வந்த வெள்ளைக்கார அம்மா வெளியே பார்த்தாள்: புல். உள்ளே அண்ணாந்தாள்: தகரம். ஏன் இப்படி என்று கேட்டாள்.

மக்வின்ஜா கண்கூட இமைக்கவில்லை. "வெயில்ல தகரம் கொதிக்குதும்மா. மேல புல்லு போட்டா வீடு குளுகுளுன்னு இருக்கும்."

அவள் பரவசமாக எழுதிக்கொண்டாள். கும்வெண்டாவும் உள்ளே போனார், அண்ணாந்தார், 'தகரம்' என்று அழுத்தினார். அவ்வளவுதான். பட்டியலிலிருந்து அக்காவின் பெயர் போயிற்று.

"போனாப் போகட்டும். நெசமாவே குளுகுளுன்னுதான்டி இருக்கு" என்றாள் அக்கா.

எனக்குத்தான் ஆறவில்லை. மூணு புள்ளைங்க — குளிர்ச்சியையா திங்கும்?

பொய்ப் படத்துக்காக எனக்கு மூன்று நாள் சம்பளம் வெட்டு. வேலை தப்பியது, இந்த வெயிலில் நடக்க வேறு ஆள் கிடைக்காததால்.

அக்டோபர் 8

தகரக்காரர்களிடமிருந்து கடிதம். தகரத்தின் மேல் புல் என்பது சிறந்த உள்ளூர் அறிவாம். பதினான்கு ஊர்களுக்கு அதைக் கற்றுத்தர நபாண்டாக்காதான் ஆசிரியை! வண்டி உண்டு, தினப்படி உண்டு. ஏழை என்று சொன்னால் காசு இல்லை. நிபுணர் என்று சொன்னால் உண்டு. என்ன உலகமடா இது.

அக்டோபர் 21

பக்கத்து ஊரில் எனக்குக் கணக்கெடுப்பு, அக்காவுக்கு முதல் வகுப்பு. கோலை ஊன்றி நின்றாள். எதிரே நாற்பது பெண்கள்.

"குளிர்ச்சிப் பாடம் முடிஞ்சுது. இனிமேதான் முக்கியமான பாடம். உள்பக்கம் பாயக் கட்டித் தகரத்த மறைச்சிருங்க. அதோ அந்த மேட்டுல நின்னு பாத்தா வெறும் புல்லுதான் தெரியும். படம் எடுக்க வர்ற பொண்ண அங்கதான் நிறுத்தணும்."

நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டேப்லெட்டை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன்.