சுவரோரத்து மஞ்சள் பூ

ஜூலை 14, திங்கள்

விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. பின்பக்கத் தோட்டத்தில் சுவரோரம் மஞ்சள் பூ, குட்டிச் சூரியகாந்தி மாதிரி. நான் நடவில்லை, தானாக வந்து படர்ந்திருக்கிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணியா? அப்படியென்றால் சாமியே கொண்டுவந்து போட்டதுதான். இவருக்குக் காமாலை வந்து இரண்டாவது வாரம். கண் இன்னும் வெளுக்கவில்லை. தாராவி வொர்க்‌ஷாப்புக்கு லீவு.

தூத்துக்குடி அக்காவுக்கு வீடியோ காலில் காட்டினேன். "ஏட்டி, அதேதான்! அரைச்சு மோருல கலந்து வெறும் வயித்துல குடு. மூணே நாள்ல கண்ணு வெளுத்துரும், பாத்துக்க."

இவர் கட்டிலிலிருந்தே சத்தம். "ஒங்க அக்கா என்ன டாக்டருக்கா படிச்சிருக்கா? மாட்டுத் தீவனத்த எனக்குக் குடுக்கப் போறியோ?"

போனை வைத்துவிட்டுக் கஞ்சி கிளறப் போனேன்.

ஜூலை 16, புதன்

வாங்க: குளுக்கோஸ், இளநீர், சோப்பு.

மகள் போனில் படம் எடுத்து ஏதோ ஆப்பில் பார்த்தாள். "மம்மி, சிங்கப்பூர் டெய்சியாம். ஷோவுக்கு வைக்கிறது." இன்னொரு படம், வேறு பெயர். மூன்றாவது படத்துக்குச் சூரியகாந்தி! போனுக்கே தெரியவில்லை, எனக்கு எப்படித் தெரியும்?

அக்காவிடம் சொன்னால், "ஏட்டி, போன் என்னைக்குக் காமாலையப் பாத்துச்சு?" என்கிறாள். அதுவும் சரிதானே. இல்லை, சரியில்லை. ஐயோ, தலை சுற்றுகிறது.

ஜூலை 17, வியாழன்

மழை கொஞ்சம் விட்டது. ஒரு கொடியைக் கவரில் போட்டுக்கொண்டு மாட்டுங்கா மார்க்கெட். கீரைக்காரம்மா நம்ம ஊர்ப் பக்கத்துக்காரி. முகர்ந்தாள், கிள்ளினாள். "எலை அதே மாரிதான் இருக்கு... பூதான் கொஞ்சம் பெருசோ? நான் வெள்ளப்பூ தாம்மா விக்கேன். மஞ்சளப் பாத்து வருசமாச்சு." வாழையிலை வாங்க வந்த ஒரு மாமி எட்டிப் பார்த்து, "இது அதில்லடி, ஹைவே நடுவுல வச்சிருக்காளே, அது" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். ரோட்டு நடுவில் அதே மஞ்சள். கவரைத் திறந்து பார்த்தேன். அதே மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

டாக்டரிடம் கேட்டேன். என்னவென்று தெரியாத இலையைக் கொடுக்கவே கூடாது என்றார்.

முடிவு: கொடுப்பதில்லை. ஆனால் மனசு கேட்க மாட்டேன் என்கிறது. கொடுக்காமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்?

ஜூலை 19, சனி

வெயில்! துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். மூலைச் செடி மொட்டை. பூ இருக்கிறது, இலை மட்டும் இல்லை. ஆடா? இந்தக் காம்பவுண்டுக்குள் ஆடு ஏது?

உள்ளே வந்தால் இவர் வாய் கொப்பளித்துக்கொண்டிருக்கிறார். பல்லில் பச்சை.

"என்னங்க இது?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒங்க அக்கா சொன்னதுலேருந்து. தெனம் ஒரு பிடி."

"மாட்டுத் தீவனம்னீங்க!"

"பயமா இருந்துச்சு, கலா."

கத்தத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. இந்த மனுஷன் வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. டாக்டருக்குப் போன். உடனே நிறுத்தச் சொன்னார். ரத்தம் டெஸ்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். ராத்திரி இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ரிப்போர்ட் வந்தது. காமாலை குறைந்திருக்கிறது!

டாக்டர் திட்டித் தீர்த்தார். ஓய்விலும் சாப்பாட்டிலும் குறைந்ததாம், இலையால் கெட்டுப்போகாமல் இருந்ததே பெரிசாம். அக்கா: "நான் அப்பமே சொல்லல?" மகள் இன்னும் சிங்கப்பூரிலேயே நிற்கிறாள். எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் எல்லாவற்றையும் பிடுங்கப் போனேன். பின்னாலேயே வந்து நின்றார்.

"ஒரு ஓரம் மட்டும் இருக்கட்டும். சும்மா பாக்கத்தான்."

விட்டுவிட்டேன். இலையை எண்ணி வைத்திருக்கிறேன்.