சாப்பாடு போடாத விருந்து

அக்கா,

இன்று கந்தசஷ்டி தொடங்கிவிட்டது. லண்டன் மிச்சம் பகுதியில் இருக்கிற என் கொத்து ரொட்டிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இனி ஆறு நாளைக்கு இறைச்சிப் பக்கம் திரும்பமாட்டார்கள். காலையில் கொத்துக்கென்று நேற்றுப் பிரட்டி வைத்த ஆட்டிறைச்சியின் மூடியைத் திறந்தேன். இஞ்சியும் உள்ளியும் மிளகாய்த்தூளும் கலந்த அந்த மணம் வந்ததும் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டேன். எங்கள் முதல் விருந்து நடந்த அந்தச் சனிக்கிழமையின் பயம், இன்னும் போகவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சாம்பியாவில் இருந்து, உங்கள் ஆஸ்பத்திரியின் தலைமைத் தாதி கூப்பிட்டாள். "இரவு இரண்டு பிள்ளைகள் ஒன்றாக வந்தன" என்றாள். லைன் அறுந்துபோய்விட்டது. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், போகவில்லை. இந்த முறை மழை முந்திவிட்டதென்றும், இரண்டு ஒட்சிசன் மெஷின்களில் ஒன்று தகராறு பண்ணுகிறதென்றும் போன கிழமைதான் சொல்லியிருந்தாள். போனை எதிரே வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

லண்டனுக்கு வருமுன் அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் நீங்கள் பல வருஷம் தாதியாக இருந்தீர்கள். இங்கே பென்ஷன் எடுத்த பிறகும் அதை விடவில்லை. நிதி கேட்டு நீங்கள் துரத்திய துரத்தலில், உங்களைக் கண்டால் சனம் ட்ராமில் மற்றக் கதவால் இறங்கி ஓடும். நான் ஓடத் தெரியாமல் அகப்பட்டவள்.

முதல் விருந்து வைத்த வருஷம், அங்கே புதிதாகப் பிறக்கும் பிள்ளைகளின் வார்டுக்கு இரண்டாவது மெஷின் தேவைப்பட்டது. விலையைக் கட்டினால் லொறி புறப்படும். மழை தொடங்கிவிட்டால் ஆற்றோரப் பாதை மூடிவிடும், பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் போகாது. அதனால் அவசர அவசரமாக மண்டபம் பிடித்தோம். ஆட்டிறைச்சிக் கொத்து விருந்து. ரிக்கெற் எல்லாம் பறந்துவிட்டது. வெஸ்ட் ஈலிங் கோயில் ஆட்களுக்கு மட்டுமே, அந்தக் கோயில் தொண்டர் தவம் அண்ணை ஒரு கட்டு விற்றிருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் போன் எடுத்தார். "தங்கச்சி, சஷ்டிக்குள்ள கொத்து ரொட்டியோ? இப்பத்தான் கலண்டரைப் பாத்தனான். நான் சனத்துக்கு எந்த முகத்தோட சொல்லுறது?"

நாங்கள் இருவரும் வேதக்காரிகள், சேர்ச்சுக்குப் போகிறவர்கள். எந்தச் சனி மண்டபம் கிடைக்கும் என்று பார்த்தோமே தவிர, என்ன விரதம் வருகிறது என்று யார் பார்த்தது? தவம் அண்ணையும் ரிக்கெற் விற்ற சந்தோஷப் புளுகத்தில் திகதியைக் கவனிக்கவில்லை. மரக்கறி சமைக்கிறேன் என்றேன். "உங்கடை சட்டி முழுக்க இறைச்சி பட்டது. விரதக்காரர் அதில தண்ணியும் குடிக்காயினம்" என்றார்.

உங்களிடம் ஓடி வந்து, "தள்ளி வைப்பம் அக்கா" என்றேன்.

"மழையைத் தள்ளி வைக்க ஏலுமோ?" என்று கேட்டுவிட்டு நீங்களே அவருக்குப் போன் எடுத்தீர்கள். "அண்ணை, ஒருத்தரையும் மறிக்காதேங்கோ. எல்லாரும் வரட்டும். சாப்பாடு இல்லை. பாலும் பழமும்தான்."

"உங்களுக்கு என்ன விசரோ? காசு குடுத்த சனம் எங்களைச் சாப்பிட்டிடும்" என்று நான் கத்தினேன்.

"நீர் பேசாமல் போய்ப் பால் காய்ச்சப் புதுச் சருவம் ஒண்டு வாங்கிக்கொண்டு வாரும்" என்றீர்கள்.

சவுத்தால் வரை போய் வாங்கி வந்தேன், வழியெல்லாம் உங்களைத் திட்டியபடி. பிரட்டிய இறைச்சி முழுவதும் பிரீசருக்குள் போனது. நத்தார்ப் பண்டிகை வரை எங்கள் வீட்டில் அதுதான் கறி.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பியது. ஒரு பக்கம் திருநீற்றுப் பூச்சோடு விரதக்காரர். மறு பக்கம், விஷயம் தெரியாமல் பிள்ளைகுட்டியோடு வெறும் வயிற்றில் வந்த மற்றவர்கள். பால் காய்ச்சுகிற மணத்தைத் தவிர வேறு மணமில்லை. முன்வரிசையில் ஒருவர் எழும்பினார். "எங்கை கொத்து? சாப்பாடு இல்லையெண்டால் காசைத் திருப்பித் தாங்கோவன்." பின்னால் இரண்டு மூன்று குரல் "ஓம், ஓம்" என்றது. ஒருவருக்குத் திருப்பிக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். மெஷின் அத்தோடு சரி.

நீங்கள் மைக்கை எடுக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"அங்கை எங்களிட்டை ஒரு மெஷின்தான் இருந்தது. ஒருநாள் ரெண்டு பிள்ளையள் ஒண்டா வந்ததுகள். ரெண்டும் நீலம் பாரிச்சுப் போய். நான் ஒண்டுக்குக் குழாயை வைச்சன். மற்றதை என்ரை மடியில வைச்சிருந்தன். முடியுமட்டும் வைச்சிருந்தன்."

அவ்வளவுதான். அந்தக் கதிரையில் இருந்துவிட்டீர்கள். எத்தனையோ வருஷம் உங்களோடு திரிந்த எனக்கே அது அன்றுதான் தெரியும்.

கொத்துக் கேட்டவர் தன் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அவருக்குப் பின்னால் எல்லாரும் போகப் போகிறார்கள் என்று நினைத்தேன். தவம் அண்ணை கண்ணை மூடி முருகா என்றார். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் பிள்ளைகளுக்குச் சிப்ஸ் வாங்கிக் கொடுத்து வாசல் படியில் இருத்திவிட்டுத் திரும்பி வந்தார். என் சருவத்தில் ஒரு கிளாஸ் பால் எடுத்தார். "பிள்ளையளுக்குப் பசி. எனக்கு இண்டைக்குச் சாப்பாடு வேண்டாம்" என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் காசைப் பற்றிக் கதைக்கவில்லை. மழைக்கு முன் லொறி ஆற்றோரப் பாதையைக் கடந்துவிட்டது.

வீட்டுக்குப் போகும் ட்ராமில்தான் மிச்சத்தைச் சொன்னீர்கள். "அந்த மற்றப் பிள்ளையின்ரை தாய் போகேக்கை எனக்கு நன்றி சொல்லிப்போட்டுப் போனவ. திட்டிப்போட்டுப் போயிருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும்." பிறகு யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதன் பிறகு சனமே கேட்டு, ஒவ்வொரு சஷ்டிக்குள்ளும் அந்தச் சாப்பாடு போடாத விருந்தை வைக்கிறோம். இப்போது தவம் அண்ணை பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் மண்டபம் பிடிக்கிறார். நீங்கள் இல்லாத முதல் விருந்து வருகிற சனிக்கிழமை. எழும்பி நின்று அந்தக் கதையை நான்தான் சொல்ல வேண்டுமாம். என்னால் ஏலாது என்று நேற்றும் அவரோடு சண்டை பிடித்தேன்.

இந்த இடத்தில் போன் அடித்தது, அக்கா.

அவள்தான். தகராறு பண்ணிய மெஷினை நேற்றுப் பகல்தான் கழற்றித் திருத்திப் பூட்டினார்களாம். இரவு முழுக்க இரண்டும் ஓடியதாம். "எந்தப் பிள்ளைக்கு முதலில் வைத்தீர்கள்?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. "இரண்டுக்கும்தான்" என்றாள். இரண்டும் இப்போது தாய்மாரிடம் பால் குடிக்கின்றனவாம்.

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். நீங்கள் இதைக் கேட்காமல் போனது எனக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை எழும்பி நிற்பேன். இந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் சொல்வேன். ஆனால் முதலில் உங்களுடைய மற்றப் பிள்ளையைச் சொல்ல வேண்டும். நீங்கள் போன பிறகு அது என் மடியில்தான் இருக்கிறது.